ஒரு வாரம் வெளியே போன தலையணை

போடிநாயக்கனூர் கடைத்தெருவில் முன்பு ஒரு மெத்தைக் கடை இருந்தது. ரொம்ப முன்பு இல்லை, ஸ்பாஞ்ச் தலையணை ஊருக்குள் வந்த பிறகுதான். அந்தக் கடையில் மெத்தைகளும் தலையணைகளும் நன்றாகவே பேசும். மனுசங்க காதில் அது விழாது. படுத்த உடனே தூங்கிப்போகிற ஆட்களுக்கு என்ன விழப் போகிறது?

கடைக்காரி பேர் பாண்டிமீனா. பஞ்சு விஷயத்தில் அவளை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. இலவம் பஞ்சை வெயிலில் காயப்போட்டு, கொட்டை ஒன்றுகூட இல்லாமல் எடுத்து, அளவாக அடைத்துத் தைப்பாள். தைத்த கையோடு ஒவ்வொரு தலையணைக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர் மாட்டி, அதன் வாயைச் சணலால் கட்டி அலமாரியில் அடுக்கிவிடுவாள். கவரைக் கழற்றினால் பொருள் பழசாகிவிட்டது என்பது அவள் கட்சி. அவளை மட்டும் சொல்லி என்ன, நம்ம ஊருக்கே அதுதானே கட்சி. புது நாற்காலி வாங்கி, கவரோடு அதில் உட்கார்ந்து, கவரோடு வேர்த்து, அது தானாகக் கிழிந்து விழுகிற வரைக்கும் பொறுத்திருக்கிற ஜனங்கள் நாம்.

அலமாரியின் நடுத்தட்டில் இருந்தது நம்ம தலையணை. நீலக் கோடு போட்ட துணி. கொஞ்சம் வாய்த்துடுக்கு. தன் பஞ்சின்மேல் அதற்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஒரே ஒரு ஆள் என் மேல் தலையை வைத்துப் படுக்கட்டும், அப்புறம் பாருங்கள் என்று பக்கத்துத் தலையணையிடம் தினமும் சொல்லும். பக்கத்துத் தலையணை வெள்ளைத் துணிக்காரன். பார்க்கலாம், பார்க்கலாம் என்று கொட்டாவி விடுவான்.

ஆனால் தலையை யார் வைத்தார்கள்? வந்தவர்கள் எல்லாரும் கையைத்தான் வைத்தார்கள். விரலால் குத்தினார்கள். உள்ளங்கையால் அமுக்கினார்கள். சிலர் காய்கறி மாதிரி தூக்கிப் பார்த்துக் கனம் பார்த்தார்கள். அப்புறம் எதிர்ச்சாரியில் இருந்த ஸ்பாஞ்ச் கடைக்குப் போய்விட்டார்கள். தலைக்கு வாங்குகிற சாமானைக் கையால் சோதித்தால் அது என்னத்தைச் சொல்லும், பாவம்.

மூலையில் ஒரு இரட்டை மெத்தை கிடந்தது. கனத்த ஆசாமி. அமுக்கிப் பார்ப்பதே அதிகம், படுத்துப் பார்க்க விட்டால் நம்ம மரியாதை என்னாகும் என்று அது நியாயம் பேசும். அது அந்தக் கடைக்கு வந்த நாளில் இருந்து அதே மூலையில்தான் கிடக்கிறது என்பதை யாரும் அதன் முகத்துக்கு நேரே சொல்வதில்லை.

இப்படியே போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று பாண்டிமீனாவுக்குப் புரிந்துபோனது. ஒருநாள் காலையில் ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் மாட்டினாள். தலையணையை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் படுத்துப் பாருங்கள், பிடித்தால் பணம் கொடுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்று அதில் இருந்தது.

அலமாரியில் ஒரே களேபரம். கண்டவன் தலையைத் தாங்கிவிட்டு வந்தால் அப்புறம் நம்மை எச்சில் என்றுதானே சொல்வார்கள் என்று ஒன்று அழுதது. எண்ணெய்த் தலைகள், பேன் தலைகள், சாயம் பூசின தலைகள் என்று இன்னொன்று வரிசையாகச் சொல்லிப் பயமுறுத்தியது. வெள்ளைத் துணிக்காரன் தட்டின் கடைசிக்கு ஒண்டிப் போனான். இரட்டை மெத்தைக்கு மட்டும் குஷி. நல்லவேளை, தன்னை யாரும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக முடியாது என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

நம்ம தலையணையோ மெல்ல உருண்டு தட்டின் விளிம்புக்கு வந்து, பாண்டிமீனாவின் காலடியில் தொப்பென்று விழுந்தது. அதுவாகவே விழுந்தது என்றுதான் அவள் நினைத்தாள். நமக்குத் தெரியும்.

அவள் அதை எடுத்துத் தட்டினாள். சரி, நீயே போ என்றாள். சொல்லிவிட்டு ஒரு காரியம் செய்தாள். போட்டிருந்த மெல்லிசுக் கவரைக் கழற்றிவிட்டு, இன்னும் தடியான கவர் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டி, வாயை இரட்டை முடிச்சாகப் போட்டாள். அழுக்குப் படாமல் திரும்பி வந்தால் புதுசு என்றே அடுத்தவருக்கு விற்றுக்கொள்ளலாம் இல்லையா? கொடுத்த மாதிரியும் இருக்க வேண்டும், கொடுக்காத மாதிரியும் இருக்க வேண்டும். வியாபாரத்தில் இந்த ஆசை வந்துவிட்டால் லேசில் போகாது.

புதுக் கவர் நல்ல மினுமினுப்பு. வாய் ஓயாது. நான் இருக்கிற வரைக்கும் உன் மேல் ஒரு தூசு விழாது தம்பி, தைரியமாக இரு என்றது. தலையணைக்கும் அப்போது அது நல்ல வார்த்தையாகத்தான் பட்டது. சரிக்கா என்றது.

முதலில் கொண்டுபோனவர் வீரணன். மலைக்கு மேலே இருந்து ஏலக்காய் மூட்டை இறக்கும் லாரி டிரைவர். கவரைக் கழற்றிவிட வேண்டாம் அண்ணே என்று பாண்டிமீனா அவரிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். அவரும் சொல் தவறாத மனுசன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். இடது பக்கம் திரும்பினார், சரசர. வலது பக்கம் திரும்பினார், மொறமொற. பக்கத்தில் படுத்திருந்த பிள்ளை, யாரோ முறுக்குத் தின்கிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்துகொண்டு தனக்கும் வேண்டும் என்று அழுதது. வீரணனின் கன்னத்தில் வேர்வை ஊற்றி, கவர் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது. அவர் தலையணையைச் சுவரோரம் எறிந்துவிட்டு, தன் கையையே மடித்து வைத்துக்கொண்டு தூங்கினார்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்து, கோபப்படாமல் பொறுமையாகத்தான் சொன்னார். சத்தம் போடுது, சூடாகுது, இதுக்கு என் கையே தேவலை என்றார். பாண்டிமீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஞ்சிலா குறை? அவர் போனதும் தலையணையை அமுக்கிப் பார்த்தாள். குறை ஒன்றும் தெரியவில்லை. அவளும் கையால்தான் பார்த்தாள்.

அலமாரியில் கேலிக்குப் பஞ்சமில்லை. வெள்ளைத் துணிக்காரன், என்னப்பா, ஒரே ஒரு ஆள் என்று சொன்னாயே, ஆள் வந்தானா என்று கேட்டான். நம்ம தலையணைக்கு மூக்கறுபட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. அவர் என் மேல் படுக்கவே இல்லையே என்று முணுமுணுத்தது. தோற்றவன் சொல்கிற சாக்கு என்று எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்தது மளிகைக் கடைக்காரர் வீட்டுத் தமயந்தி. ரொம்பச் சுத்தக்காரி. தலையணையைக் கொண்டுபோன அன்றைக்கே, ஐயோ, இரவல் பொருள் அழுக்காயிடுமே என்று பீரோ மேலே எடுத்து வைத்தாள். ஒரு வாரமும் அது பீரோ மேலேயே இருந்தது. வந்த உறவுக்காரர்களிடம் எல்லாம் அதைக் காட்டி, எவ்வளவு நல்ல தலையணை பாருங்கள் என்று வாயாரப் புகழ்ந்தாள். கெடு முடிந்ததும் துடைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்து, அருமையான தலையணைக்கா என்று சொல்லிவிட்டு, வாங்காமலே போய்விட்டாள். அருமை என்கிறாளே, ஏன் வாங்கவில்லை என்று பாண்டிமீனா மண்டையை உடைத்துக்கொண்டாள். இதில் உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? பீரோவுக்கு எதற்குத் தலையணை?

கவருக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. பார்த்தாயா தம்பி, ஒரு கீறல் உண்டா உன் மேல் என்றது.  தலையணைக்கு முதல் தடவையாகச் சந்தேகம் தட்டியது. பஞ்சின்மேல் இல்லை, கவரின்மேல்.

அன்றைக்குச் சாயங்காலம் பாண்டிமீனா பெரிய கத்தரிக்கோலை எடுத்துக் கல்லாப் பக்கத்தில் வைத்தாள். தலையணையைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னொரு தடவை நீ திரும்பி வந்தேன்னா பிரிச்சிருவேன். உன் பஞ்சை மெத்தைக்காவது போட்டுக்குவேன். எனக்கு வேற வழி தெரியலை."

அவள் சும்மா சொல்கிற ஆள் இல்லை. சொன்னால் செய்வாள். தையலைப் பிரித்துப் பஞ்சை உதறிவிட்டால் அப்புறம் நீலக் கோடு ஏது, வாய்த்துடுக்கு ஏது? வெள்ளைத் துணிக்காரன்கூட அன்றைக்குக் கேலி பண்ணவில்லை. இரட்டை மெத்தை மட்டும், என்கிட்டேதானே வரப் போறே, வா வா என்று ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னது.

மறுநாள் காலையில் வந்தவள் ஜெசிந்தா. ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி பார்க்கிற நர்ஸ். ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் விழித்திருக்கும்போது தூங்கியாக வேண்டிய பிழைப்பு. அட்டையைப் படித்துவிட்டு உள்ளே வந்தவள், கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பிப் பாண்டிமீனாவைப் பார்த்துப் பேசினாள். மாதக்கணக்காகக் கழுத்து வலி, எதில் படுத்தாலும் சேரவில்லை என்றாள். எழுதியிருப்பது நிஜந்தானா, பிடிக்கலைன்னா சண்டை போட மாட்டீங்களே என்றும் கேட்டுக்கொண்டாள். பாண்டிமீனா, கொண்டுபோங்க சிஸ்டர், கவரை மட்டும் கழட்டிராதீங்க என்று வழக்கம் போலச் சொல்லிக் கொடுத்தாள்.

ஜெசிந்தாவின் அறை சின்னது. ஜன்னலுக்குத் துணி கட்டி இருட்டாக்கி வைத்திருந்தாள். வந்ததும் குளித்துவிட்டுப் படுத்தாள். சரசர. மேலே ஒரு துண்டைப் போட்டுப் பார்த்தாள். துண்டு வழுக்கிக்கொண்டு போனது, சத்தம் போகவில்லை. எழுந்து உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு, இதுவும் அப்படித்தானா என்றாள். திட்டவில்லை. அவள் குரலில் இருந்த அலுப்புதான் தலையணையை என்னவோ செய்தது. தண்ணீர் குடிக்க அவள் எழுந்து அடுப்படிப் பக்கம் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் தலையணை வாயைத் திறந்தது.

"அக்கா, முடிச்சைக் கொஞ்சம் விட்டுக் கொடு."

"எதுக்கு?"

"அவங்க தலை என் மேல படணும்."

"பட்டா எண்ணெய் ஏறும். வேர்வை ஏறும். எச்சிலாகிப் போவே. திரும்பிப் போனா உன்னை எவ வாங்குவா? உன் நல்லதுக்குத்தான்டா நான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்."

"இப்ப மட்டும் எவ வாங்குனா? ஒரு வீட்டுல உன் மேல படுத்துட்டு என்னைத் திட்டுனாங்க. இன்னொரு வீட்டுல உன்னைப் பார்த்துட்டு என்னைப் புகழ்ந்தாங்க. என்னை யாருக்குக்கா தெரியும்?"

கவர் முடிச்சை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. 

"அவ தலை வச்சும் பிடிக்காமப் போச்சுன்னா?" என்றது.

"போனா போகுது. அப்ப என் பஞ்சுல குறை. கத்தரிக்கோலுக்குத் தலையைக் கொடுத்துட்டுப் போறேன். ஆனா என் பஞ்சுல குறை இல்லைக்கா. எனக்குத் தெரியும்."

அந்தப் பேச்சில் ஒரு நடுக்கம் இல்லை. கவர்தான் நடுங்கியது. கடைசியில் அது மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டது. தான் கழன்றால் தன்னைக் குப்பையில் போட்டுவிடுவார்களே என்பதுதான் இத்தனை நாளும் அதன் கவலை. தலையணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல கெட்டிக் கவரைக் குப்பையில் போடுகிற பெண் நம்ம ஊரில் பிறக்கவே இல்லை, பேசாமல் இருக்கா, உனக்கு என்னைவிட ஆயுசு கெட்டி என்றது.

கவர் யோசித்தது. அப்புறம் ஒரு நெடுமூச்சு விட்டது. அந்த மூச்சில் அது சுருங்க, சணல் முடிச்சு நழுவித் தளர்ந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு வந்த ஜெசிந்தா, முடிச்சு அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தாள். கழட்டாதீங்க என்று அந்தக்கா சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு நிமிஷம் தயங்கினாள். அப்புறம், கவரோடு படுக்கிறதுக்கு நான் எதுக்கு இதைத் தூக்கிக்கிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டே உருவி எடுத்துவிட்டாள். வெறும் தலையணையின் மேல் தலையைச் சாய்த்தாள்.

அடேயப்பா, ஒரு தலைக்கு இவ்வளவு கனமா! அலமாரியில் உட்கார்ந்து வீரம் பேசின தலையணை ஒரு நொடி திணறித்தான் போனது. ஈரக் கூந்தல், தேங்காய் எண்ணெய் வாசனை, காதுச் சூடு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கின. அப்புறம் அது தன் பஞ்சைப் பார்த்து, எங்கே போகணுமோ அங்கே போ என்றது. பஞ்சு நடுவில் பள்ளம் விட்டது. ஒதுங்கினது போய்க் கழுத்துக்குக் கீழே நிறைந்து நின்றது. ஜெசிந்தா ஒரு பக்கம் திரும்பினாள். சத்தம் இல்லை. இன்னொரு பக்கம் திரும்பக்கூட இல்லை, அதற்குள் தூங்கிவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே பாத்திரக்காரன் கத்திக்கொண்டு போனான். பஸ் ஹாரன் அடித்தது. அவள் அசையவில்லை. தலையணையும் அசையவில்லை. அத்தனை சந்தோஷம் அதற்கு.

கவர் என்னாச்சு என்று கேட்பீர்கள். சாயங்காலம் எழுந்ததும் ஜெசிந்தா அதை நன்றாக உதறி, மடித்து, கொஞ்சம் யோசித்து, மிக்ஸிக்கு மாட்டிவிட்டாள். அங்கே போயும் அதன் வாய் ஓயவில்லை. நான் இருக்கிற வரைக்கும் உன் மேல் ஒரு தூசு விழாது தம்பி என்று மிக்ஸியிடம் ஆரம்பித்துவிட்டது.

வாரம் நகர்ந்தது. ஜெசிந்தா கழுத்தைத் திருப்பிப் பேச ஆரம்பித்தாள். அதே நேரத்தில் தலையணையின் நீலக் கோட்டின் மேல் ஒரு எண்ணெய்க் கறையும் வட்டமாக வளர்ந்தது. துவைத்தாலும் முழுசாகப் போகாத கறை. தலையணை அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. பயம் இல்லையா என்றால், இருந்தது. இனிமேல் புதுசு என்று யாரும் தன்னை வாங்கப் போவதில்லை. இவள் கைவிட்டால் நேரே கத்தரிக்கோல்தான். ஆனாலும் ஒவ்வொரு நாளும் அவள் வந்து தலையைச் சாய்க்கும்போது, வா தாயி என்று பள்ளம் விட்டுக் கொடுத்தது.

கெடு முடிந்த அன்று ஜெசிந்தா தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள். கவர் இல்லை. கறை பளிச்சென்று தெரிந்தது.  பாண்டிமீனாவின் முகம் விழுந்துவிட்டது. மூன்றாவது தடவையும் திரும்பி வந்தது மட்டுமில்லை, பாழாகியும் வந்துவிட்டதே என்று நினைத்தாள். அதை வாங்கிக் கல்லாப் பக்கத்தில் வைத்தாள். கத்தரிக்கோல் அங்கேதான் இருந்தது.

ஜெசிந்தா பர்ஸைத் திறந்தாள். தலையணை வேண்டும், விலையைச் சொல்லுங்கள் என்றாள்.

பாண்டிமீனாவுக்கு ஒரு கணம் நம்பவே முடியவில்லை. அப்புறம் முகமெல்லாம் வெளிச்சம். முதல் ஆள்! அவசர அவசரமாக அலமாரிக்குப் போய், வெள்ளைத் துணிக்காரனைக் கவரோடு உருவி, மேலே துடைத்து, கல்லாவுக்கு வந்து நீட்டினாள். நல்ல மனசோடுதான் நீட்டினாள். காசு கொடுக்கிறவளுக்குப் புதுசு கொடுப்பதுதானே முறை. நீட்டின கையோடு, மற்றக் கையால் கத்தரிக்கோலைக் கொஞ்சம் முன்னே இழுத்து வைத்துக்கொண்டாள். நம்ம தலையணை அதைப் பார்த்தது. என் பஞ்சில் குறை இல்லை என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டது. வேறு என்ன செய்யும்?

ஜெசிந்தா புதுசைக் கையில் வாங்கவில்லை.

"இது வேணாம்க்கா. அதைக் குடுங்க."

"அது பழசாகிப் போச்சே சிஸ்டர். எண்ணெய் ஏறிக் கிடக்கு, பாருங்க."

"என் எண்ணெய்தானேக்கா" என்றாள் ஜெசிந்தா.

பாண்டிமீனா கறையைப் பார்த்தாள். ஜெசிந்தாவின் கழுத்தைப் பார்த்தாள். கையில் இருந்த வெள்ளைத் தலையணையை, அதன் மினுமினுக்கிற கவரைப் பார்த்தாள். வீரணன் சத்தம் போடுது என்று சொன்னதும், தமயந்தி அருமை என்று சொல்லிவிட்டுப் போனதும் இப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். நீலத் தலையணையை எடுத்து, துணிப் பக்கத்தைத் தன் கன்னத்தில் ஒருதரம் வைத்துப் பார்த்துவிட்டு, ஜெசிந்தாவிடம் கொடுத்தாள். நம்ம தலையணை மறுபடியும் கக்கத்தில் ஏறி, அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெயிலில் போனது. வாய்த்துடுக்கு இல்லையா, கொஞ்சம் கர்வம் இருக்கத்தான் செய்யும்.

பாண்டிமீனா கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். வெள்ளைத் துணிக்காரன் வெலவெலத்துப் போனான். அவள் அவன் கழுத்துச் சணலைக் கத்தரித்தாள். கவரை உருவி எறிந்தாள். வெறுமேனியாக அவனை வாசல் நாற்காலியில், அட்டைக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு, அடுத்ததன் சணலைக் கத்தரிக்கப் போனாள்.

வெள்ளைத் துணிக்காரன் மேல் முதல் தடவையாகக் காற்றுப் பட்டது. கொஞ்ச நேரம் கூசியது. அப்புறம் தெருவில் போகிற தலைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தான்.